டவுன் ஏஸ் வானைக் கொடுத்துச் சின்னக் கார்: 36 இலட்சத்துக்குள் எது, எங்கே?

2025 ஓகஸ்ட் 9

என்னிடம் இருப்பது பழைய டொயோட்டா டவுன் ஏஸ் டீசல் வான். அதை விற்றுவிட்டுச் சின்னப் பெற்றோல் கார் ஒன்று எடுக்க யோசிக்கிறேன். வானுக்கு 20 இலட்சம் வரும் என்று தரகர்கள் சொல்கிறார்கள். கையில் 16 இருக்கிறது. ஆக 36 இலட்சம், அதற்கு மேல் இல்லை.

வீடு மட்டக்களப்பில் கல்லடி. படிப்பிப்பது கொக்கட்டிச்சோலைக்கு அப்பால். ஆரையம்பதியால் போய் மண்முனைப் பாலம் ஏறி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போக வேண்டும். 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றித்தான் வாகனம் வாவியைக் கடந்தது. இப்போது தார் வீதி நன்றாக இருக்கிறது. ஆனால் பிரதான வீதியை விட்டு இறங்கினால் கிரவல்தான். அம்மாவின் கிளினிக்கையும் சேர்த்தால் மாதம் ஏறக்குறைய 1000 கிலோமீற்றர் ஓடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, வானில் ஏறி இறங்குவது பெரிய வேலையாகிவிட்டது.

எல்லோரும் சொல்வது, கொழும்புக்குப் போய் எடு, தெரிவும் கூட, விலையும் குறைவு என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. மட்டக்களப்பு, அம்பாறைக்குள் ஓடிய காரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. விற்பவர் யார், எந்தக் கராஜில் விட்டார், அடிபட்டதா என்று நாலு பேரிடம் விசாரிக்கலாம். 300 கிலோமீற்றர் தள்ளிப் போய், ஒரு மணித்தியாலம் பார்த்து, காசைக் கொடுத்துவிட்டு வருவது எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

2025 ஓகஸ்ட் 10

வானில் என்ன குறை, அதையே திருத்தி ஓடலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எஞ்சினில் குறை இல்லை. பொடியில், அதாவது வெளித் தகட்டில், கறள். இழுவைக் கதவின் அடிப்பகுதியும் காலடித் தகடும் போய்விட்டன. வெட்டி ஒட்டினால் அடுத்த மாரியோடு பக்கத்தில் வேறு இடத்தில் கிளம்பும். கல்லடி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நடுவில் கிடக்கும் ஊர். உப்புக் காற்று இரண்டு பக்கத்தாலும் வரும்.

2025 ஓகஸ்ட் 17

"கொஞ்சம் கூடப் போட்டு ஹைபிரிட் எடுங்கள், பெற்றோல் காசிலேயே மிச்சம் பிடிக்கலாம்" என்று பலர் எழுதியிருப்பதால் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அப்படியே தருகிறேன்.

என் வான் லீற்றருக்கு 9 கிலோமீற்றர் போகும். 1000 கிலோமீற்றருக்கு 111 லீற்றர் டீசல். லீற்றரை 285 என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 31,600 ரூபா. 15 கிலோமீற்றர் ஓடுகிற சின்னப் பெற்றோல் காருக்கு 67 லீற்றர், 300 படி 20,000. ஆக வானை மாற்றினாலே மாதம் 11,000க்கு மேல் மிச்சம். இது பெரிய காசு.

இனி ஹைபிரிட், அதாவது பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் அதற்குப் பற்றரியும் உள்ள கார். லீற்றருக்கு 20 போகும் என்று வைத்தால் 50 லீற்றர், 15,000 ரூபா. சின்னக் காரைவிட மாதம் 5,000 மிச்சம். நான் விலை கேட்ட டொயோட்டா அக்வாவுக்கு 61 இலட்சம் சொன்னார்கள். என் 36ஐக் கழித்தால் 25 இலட்சம் கூட. அதை 5,000ஆல் பிரித்தால் 500 மாதம், 41 வருசத்துக்கு மேல். பற்றரி மாற்றும் செலவை இதில் சேர்க்கவே இல்லை.

மாதம் மூவாயிரம் நாலாயிரம் கிலோமீற்றர் ஹையர் ஓடுகிறவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு அக்வா சரி. பின் சீற்றுக்குப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று போகிற துவாரம் இருக்கிறது, அதில் பையையோ துணியையோ வைத்து அடைக்காமலும், உள்ளே இருக்கும் ஃபானை இடைக்கிடை துப்புரவாக்கியும் வந்தால் பற்றரி நன்றாக இழுக்கும் என்று அதை ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். நமது பக்கத்துப் புழுதிக்கு இது முக்கியம்.

சுசுகி வேகன் ஆரையும் ஹைபிரிட் என்று சொல்லி விற்கிறார்கள். அதில் இருப்பது எஞ்சினுக்குக் கைகொடுக்கிற சின்ன மோட்டார் மட்டும், அக்வாவைப் போல மோட்டாரில் மட்டும் ஓடிப் போகிற ஹைபிரிட் அல்ல. 658 சி.சி. நல்ல கார்தான். ஆனால் 36க்கு வராது.

2025 ஓகஸ்ட் 18

பொறுத்தால் விலை விழும் என்கிறவர்களுக்கு: 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகனங்களுக்கும் திறந்தார்கள். நானும் அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவு காலம் பொறுத்திருந்தேன். வந்து இறங்குகிற பாவித்த கார் மூன்று வயசுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், அதோடு சி.சி. கணக்கில் உற்பத்தி வரி, பிறகு 18 வீதம் வற் வரி. அப்படி வருகிற கார் என் கைக்கு எட்டாது. என்னைப் போன்றவர்கள் எல்லோரும் அதே பழைய சின்னக் கார்களைத்தான் சுற்றுகிறோம். அதனால் இந்த ரகத்துக்கு விலை இறங்கியதாக எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரு வருசம் பொறுத்தால் வானின் கறள்தான் கூடும்.

2025 ஓகஸ்ட் 24

கல்முனையில் ஒரு அல்டோ 800 பார்த்தோம், இந்தியாவில் செய்த சுசுகி கார். 2014, வெள்ளை, கேட்டது 31 இலட்சத்து 50 ஆயிரம். மீற்றரில் 58,000 கிலோமீற்றர்.

58,000 ஓடிய காரில் பிரேக் பெடலின் றப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்காது. ஓட்டுநர் சீற்றின் வெளி விளிம்பு அமர்ந்து போயிருந்தது. ஸ்டியரிங்கின் மேல்பகுதி மினுங்கியது. ஏஜென்சி சேர்விஸ் புத்தகம் கேட்டேன், தொலைந்துவிட்டதாம். பொனற்றைத் திறந்தால், மட்காட்டைப் பிடித்திருக்கும் போல்ற்றுகளில் சாவி (ஸ்பானர்) போட்ட அடையாளம், பெயின்ற் உரிந்திருந்தது. முன்பக்கம் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். ஜப்பானில் இருந்து வந்த பாவித்த கார் என்றால் செசி நம்பரைக் கொண்டு ஏலத் தாளை (அங்கே ஏலம் விட்டபோது காரின் நிலையும் கிலோமீற்றரும் எழுதிய தாள்) தேடி எடுக்கலாம். இந்தியக் காருக்கு அந்த வசதி இல்லை, இங்கே செய்த சேர்விஸ் பதிவு மட்டும்தான். அது இல்லாத காருக்கு நான் மீற்றரைக் கணக்கில் எடுக்கவே மாட்டேன்.

வேண்டாம் என்று வந்துவிட்டோம். ஆனால் அல்டோ என்ற காரைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம். 796 சி.சி., மூன்று சிலிண்டர், சிக்கலான பகுதி எதுவும் கிடையாது. பொத்துவிலில் இருந்து வாழைச்சேனை வரை எந்த ஊரிலும் சாமான் எடுக்கலாம், எந்தக் கராஜ்காரருக்கும் கை பழகிய கார். கிரவலுக்கும் உயரம் போதும். நல்லது கிடைத்தால் எடுப்பேன் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

2025 ஓகஸ்ட் 26

அல்டோவைப் பற்றி இன்னொன்று. அன்றே எழுதியிருப்பேன், நீளமாகிவிட்டது.

2014 ஜனவரியில் குளோபல் என்கெப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற சின்னக் கார்களை மோதிப் பார்த்து முடிவை வெளியிட்டது. அல்டோ 800, டாடா நனோ எல்லாம் அதில் இருந்தன. காற்றுப்பை இல்லாத அந்த ரகங்களுக்குப் பெரியவர்களின் பாதுகாப்பில் கிடைத்தது பூச்சியம் நட்சத்திரம். நான் பார்த்த அல்டோவும் காற்றுப்பை இல்லாதது.

இங்கே வீதி நேர். காத்தான்குடி தாண்டினால் பஸ்கள் பறக்கும். அறுவடை நேரம் பாதி வீதியில் நெல் காயும், மிச்சப் பாதியில் இரண்டு பக்க வாகனமும் போக வேண்டும். இருட்டினால் படுவான்கரையில் யானை. இவரும் (என் கணவர்) நானும் இதைப் பேசினோம். விலையில் இரண்டு மூன்று இலட்சம் கூடினாலும் முன்னுக்கு இரண்டு காற்றுப்பை உள்ள கார்தான் என்று முடிவெடுத்தோம். அம்மா முன் சீற்றில்தான் இருப்பா. இந்த ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

காற்றுப்பை உள்ள காரில் கவனிக்க வேண்டியது: சாவியை ஓன் செய்ததும் அதற்குரிய சிவப்பு விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். எரிந்தபடியே நின்றால் பழுது. எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். ஒருமுறை வெடித்த பையை மாற்றாமல் விளக்கை மட்டும் கழற்றி விற்கிறவர்கள் உண்டு.

2025 செப்டெம்பர் 2

டாடா நனோ, மைக்ரோ பண்டா என்ற சின்னக் கார்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு. நனோ விலை குறைவு, ஊருக்குள் ஓட நல்லது. என் தூரத்துக்கும் மேலே சொன்ன காரணத்துக்கும் சரிவராது. பண்டா நான் ஓட்டிப் பார்க்கவில்லை. எடுப்பதற்கு முன் உங்கள் ஊர்ச் சாமான் கடையில் போய், முன் சொக் அப்சோபரும் கிளச் பிளேற்றும் இன்றைக்குக் கிடைக்குமா, எவ்வளவு என்று கேளுங்கள். எந்தக் காருக்கும் இதைக் கேட்கலாம். கொழும்பில் இருந்து வர வேண்டும் என்றால் அத்தனை நாளும் கார் கராஜில் நிற்கும், நீங்கள் பஸ்ஸில் நிற்பீர்கள்.

2025 செப்டெம்பர் 13

இன்றைக்குப் பார்த்தது நிசான் சனி எஃப்.பி. 15, கல்முனைக்குச் சற்று வடக்கே, கடற்கரை ஓரத்து வீடு ஒன்றில். 2001ஆம் ஆண்டுக் கார், கேட்டது 34. வெளியே பார்த்தால் கண்ணைப் பறிக்கும். புதுப் பெயின்ற், புது சீற் உறை, குளிரக் குளிர ஏசி. எஞ்சினும் நன்றாக இருந்தது. அதில் ரைமிங் பெல்ற் இல்லை, செயின், பெல்ற்றைப் போல இடைக்கிடை மாற்றத் தேவையில்லை, அது ஒரு நிம்மதி. இவருக்கு ஏறி இருந்ததுமே பிடித்துவிட்டது.

எங்கள் காத்தான்குடி மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். வயசான மனிதர், நாங்கள் காக்கா (அண்ணா) என்று கூப்பிடுவோம். அவர் பொனற்றைத் தொடவே இல்லை. சாக்கை விரித்து நேரே காருக்கு அடியில் படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில், "டீச்சர், இங்க வந்து பாருங்க" என்றார். அடி முழுக்கப் புதிதாகக் கறுப்பு மை அடித்திருந்தது. ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் கிண் என்று கேட்க வேண்டிய சத்தம் பொத்தென்று கேட்டது. விரலால் அழுத்த மை உடைந்து, உள்ளே தகடு இல்லை. பின் சில்லுக்குப் போகிற பிரேக் குழாயிலும் கறள் செதிள் செதிளாக நின்றது. அது வெடித்தால் பிரேக் இல்லை.

பிறகு அவர் வீட்டுக்காரரிடம் கேட்ட கேள்வியை இதை வாசிக்கிற எல்லோரும் மனதில் வையுங்கள். "2004 டிசெம்பர் 26 இந்தக் கார் எங்க நின்டது?" வீட்டுக்காரர் தான் 2016இல்தான் வாங்கியதாகச் சொன்னார், முந்தியது தெரியாதாம். இருக்கலாம். சுனாமி வந்த நாள் அது. நமது கரையோரத்தில் 2005க்கு முன் பதிந்த எந்தக் காருக்கும் இந்தக் கேள்வி கேட்க வேண்டும். கடல் தண்ணீர் குடித்த வயர் எத்தனை வருசம் போனாலும் பச்சைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

2025 செப்டெம்பர் 14

இரவு யோசித்தேன். ஓகஸ்ட் 9இல் மட்டக்களப்பு, அம்பாறைக்குள் ஓடிய காரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். அதை இப்போது கொஞ்சம் மாற்றுகிறேன். விசாரிக்கக்கூடிய தூரம் என்பது சரி. ஆனால் கடற்கரையையும் வாவிக்கரையையும் விட்டு உள்ளே நின்ற கார் வேண்டும். அம்பாறை நகரம், உகணை, மகா ஓயாப் பக்கம். உப்புக் காற்று அங்கே எட்டாது, நமக்கும் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரம்.

நான் கல்லடிக்குத்தானே கொண்டு வரப்போகிறேன், அப்போதும் கறள் பிடிக்காதா என்று கேட்கலாம். பிடிக்கும். ஆனால் நல்ல தகட்டில் தொடங்கினால் கழுவிக் கழுவிப் பல வருசம் காப்பாற்றலாம். ஏற்கெனவே போன தகட்டை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

2025 செப்டெம்பர் 28

இனி லீசிங், அதாவது கம்பனியிடம் தவணைக் கடனில் வாகனம் எடுப்பது பற்றி. 10 இலட்சம், ஆண்டுக்கு 18 வீதம், நாலு வருசம் என்று வையுங்கள். மாதம் ஏறக்குறைய 29,400. 48 மாதத்தில் 14 இலட்சத்து 11 ஆயிரம் கட்டி முடிப்பீர்கள். வானை விற்று எனக்கு மிச்சமாவது 11,000. அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் தவணை கட்டி ஓட எனக்கு வழி இல்லை. எங்கள் பாடசாலையிலேயே தவணை பிந்தி வாகனத்தை இழந்தவர் இருக்கிறார். வங்கியில் குறைந்த வட்டிக்குக் கிடைக்கிறவர்கள் கணக்கைத் தாங்களே போட்டுப் பாருங்கள். தவணைத் தொகையை மட்டும் கேட்காமல் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள்.

இதைவிட முக்கியம் பத்திரம். ஒருவர் நல்ல விலைக்கு வேகன் ஆர் இருக்கிறது, ஆனால் "ஓப்பன் பேப்பர்" என்று எழுதியிருந்தார். அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாற்றப் படிவம் திகதி இல்லாமல் கைக்குக் கை மாறி வருகிறது. விற்பவர் அதன் உரிமையாளரே அல்ல. நான் அதைத் தொடமாட்டேன். பழைய உரிமையாளர் இறந்துபோனாலோ, வெளிநாடு போனாலோ, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திணைக்களம் திருப்பினாலோ நீங்கள் நடுவில் நிற்பீர்கள். அந்தக் கார் முன்பு ஒரு விபத்தில் மாட்டியிருந்தால் வழக்கு பழையவரைத் தேடிப் போகும், கார் உங்களிடம் இருக்கும். விற்றவர் 14 நாளுக்குள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம்மில் பலர் அதைச் செய்வதே இல்லை.

முற்பணம் கொடுக்குமுன் புத்தகத்தின் மூலப் பிரதியை வாங்கிப் பாருங்கள். செசி நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் நீங்களே காரில் பார்த்து ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் நிற்கிறதா? நின்றால், கடன் முடிந்ததற்கான கடிதம் வராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வருடாந்த அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ், காப்புறுதி மூன்றிலும் ஒரே வாகன எண்தானா என்றும் பாருங்கள்.

2025 ஒக்டோபர் 5

சின்னக் குறிப்பு. பெற்றோல் கார் ஏன், டீசலே இருக்கட்டுமே என்று கேட்ட அண்ணாவுக்கு: 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி அளவாக எரிபொருள் எடுக்கும் முறை வந்தபோது கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, ஆட்டோவுக்கு 5. என் வானுக்கும் கிடைத்தது 20தான், அது 180 கிலோமீற்றர். அதே 20 லீற்றரில் சின்னக் கார் 300 ஓடும். அந்தக் காலம் திரும்பி வரக்கூடாது. வந்தால் குறைந்த லீற்றரில் பாடசாலைக்குப் போய் வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2025 ஒக்டோபர் 11

அம்பாறை நகரத்தில் பெரொடுவா விவா எலைட் ஒன்று. 2012, ஓட்டோ கியர், கேட்டது 37. ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவருடையது, அவர்தான் புத்தகத்திலும் இருக்கிறார். சிங்களத்திலும் தமிழிலுமாகக் கலந்து பேசிக்கொண்டோம், அருமையான மனிதர்.

விவா மலேசியாவில் செய்தது. ஆனால் அடிப்படை டைஹட்சு மிரா. ஒரு லீற்றர், மூன்று சிலிண்டர் எஞ்சின், நாலு கியர் உள்ள பழைய முறை ஓட்டோ. காக்காவுக்கு இதில்தான் திருப்தி. புது ஜப்பான் சின்னக் கார்களில் உள்ள சி.வி.ரி. (கியர் படி இல்லாமல் பெல்ற்றில் ஓடுகிற ஓட்டோ) கியர் பெட்டி பிழைத்தால் இங்கே திறந்து பார்க்கிறவர்கள் குறைவு, பெட்டியையே மாற்றச் சொல்வார்கள் என்கிறார். எத்தனையோ பேர் ஒயிலை நேரத்துக்கு மாற்றி சி.வி.ரி.யில் நன்றாக ஓடுகிறார்கள். ஆனால் முந்திய சொந்தக்காரர் ஒயில் மாற்றினாரா என்று பழைய காரில் எப்படித் தெரியும்?

முதல்நாள் இரவே தொலைபேசியில், நாங்கள் வரும்வரைக்கும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டிருந்தோம். போனதும் பொனற்றில் கை வைத்துப் பார்த்தோம், குளிர்ந்திருந்தது. ஒரே சாவியில் பிடித்தது. நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது, சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் ரேடியேற்றர் தண்ணீர் எரிகிறது. இரண்டும் இல்லை. ஒயில் மூடியின் உட்பக்கத்தில் பால் போலக் கசடு இல்லை. கியர் ஒயிலை வெள்ளைத் தாளில் தொட்டுப் பார்த்தார் காக்கா, கொஞ்சம் மங்கல், ஆனால் கருகல் மணம் இல்லை. காற்றுப்பை விளக்கு எரிந்து அணைந்தது.

மட்டக்களப்பில் எவ்வளவு ஓடினாலும் ஏற்றம் இல்லை, கியர் பெட்டி வழுக்குகிறதா என்று தெரியவே தெரியாது. அதனால் இங்கினியாகலைப் பக்கம் ஏசியைப் போட்டு நாலு பேரோடு ஏற்றினோம். இரண்டாவதில் இருந்து மூன்றாவதுக்கு மாறும்போது ஒரு சின்ன உதறல். மற்றப்படி குறை சொல்ல இல்லை.

அடித் தகட்டில் தொழிற்சாலைப் பூச்சு அப்படியே இருந்தது, சேறு மட்டும். எனக்கு அங்கேயே மனம் விழுந்துவிட்டது.

2025 ஒக்டோபர் 12

அந்த உதறல் என்னைத் தூங்க விடவில்லை. கியர் பெட்டி போனால் இலட்சக்கணக்கில் போகும். காக்காவைத் திரும்பக் கேட்டேன். எஞ்சினைப் பிடித்திருக்கும் மவுன்ற் றப்பர் ஒன்று இறங்கியிருக்கிறது, அதோடு கியர் ஒயிலையும் மாற்றினால் போகும் என்று நினைக்கிறார். நினைப்பை நம்பி 37 இலட்சம் கொடுக்கலாமா? உரிமையாளரிடம் நேரே கேட்டுவிடுவது என்று இருக்கிறேன்: எங்கள் செலவில் மவுன்றும் ஒயிலும் மாற்றி ஓடிப் பார்க்கிறோம், சரிவந்தால் எடுக்கிறோம், சரிவராவிட்டால் அந்தச் செலவு எங்களுடையது என்று.

2025 ஒக்டோபர் 19

அவர் ஒத்துக்கொண்டார். மாற்றினோம். உதறல் போய்விட்டது. காரின் கணினியில் ஸ்கேன் போட்டும் பார்த்தோம், ஏசி சென்சர் ஒன்றின் பழைய பிழையைத் தவிர எதுவும் இல்லை. ரயர் நாலும் 2018இல் செய்தவை. பூ (ரயரின் மேல் வரிகள்) நன்றாக இருக்கிறது, ஆனால் ஏழு வருசத்து றப்பர், பக்கத்தில் வெடிப்பு. ரயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருசம். அதைக் காட்டித்தான் விலை பேசினோம். 35இல் முடிந்தது. மிச்சம் ரயருக்கும் பற்றரிக்கும்.

2025 நவம்பர் 8

வானை முதலில் விற்றீர்களா, காரை முதலில் எடுத்தீர்களா என்று கேட்டிருந்தீர்கள். வானைத்தான். செங்கலடிப் பக்கம் மரக்கறி ஏற்றுகிற ஒருவர் 19 இலட்சத்து 75 ஆயிரத்துக்கு எடுத்தார். கறள் இருக்கிற இடம் எல்லாவற்றையும் காட்டித்தான் கொடுத்தேன், அவருக்கு அடியை வெட்டி ஒட்டத் தெரிந்த மைத்துனர் இருக்கிறாராம். விற்ற அன்றே இரண்டு பேரும் படிவத்தில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்து, அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது பத்திரமாக இருக்கிறது.

விவாவை என் பெயருக்கு மாற்றக் கொடுத்தாயிற்று. முழுக் காப்புறுதிதான் போட்டோம். நவம்பர், டிசெம்பர் வெள்ளம் உள்ள ஊரில் மூன்றாம் தரப்பு மட்டும் போட எனக்குத் துணிவில்லை. வெள்ளம் அதில் சேர்கிறதா என்று எழுத்தில் பார்த்தே கையெழுத்து வைத்தேன், ஏனென்றால் சிலவற்றில் அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பெற்றோல் லீற்றருக்கு 14 ஓடுகிறது. ஓகஸ்ட் கணக்கில் 15 போட்டிருந்தேன், ஆகவே மாத மிச்சம் 11,000க்குப் பதில் 10,000 என்று திருத்தி வாசிக்கவும். அம்மா தானாகவே ஏறி இறங்குகிறா.

2025 டிசெம்பர் 14

டித்வா புயலுக்குப் பிறகு இந்த இழைக்குத் திரும்ப வரவில்லை, மன்னிக்கவும். நாங்கள் சுகம். கார் மேட்டில் நின்றது.

இப்போது எழுதுவதற்கு ஒரே காரணம், களனிக் கரையிலும் மற்ற மாவட்டங்களிலும் தண்ணீரில் நின்ற கார்கள் கழுவிக் காய வைத்து வெளியே வரப்போகின்றன. மலிவாக வரும். நம் பக்கம் கார் தேடுகிற தம்பிமார் இரண்டு பேர் கொழும்பு விலைகளை எனக்கு அனுப்பி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு வருசத்துக்காவது இதைப் பாருங்கள்: சீற் பெல்ற்றை முடிவு வரை இழுங்கள், கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும், அதை யாரும் கழுவுவதில்லை. சீற் ஓடுகிற தண்டவாளத்தில் கறள் இருக்கக்கூடாது. காலடி விரிப்பைத் தூக்கி உள்ளே உள்ள பஞ்சில் கை வையுங்கள். ஸ்பெயார் சில்லு வைக்கிற குழி, ஃபியூஸ் பெட்டியின் மூலை, முன் விளக்கின் உள்ளே ஈரப்புகை. கண்ணாடியை ஏற்றி வெயிலில் பத்து நிமிடம் விட்டுக் கதவைத் திறந்தால் வருகிற மணம். வாசனைத் திரவம் கனக்க அடித்திருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

ஹைபிரிட் என்றால் வெள்ளத்தில் நின்றதை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். நீங்களே கழற்றிப் பார்க்கவும் வேண்டாம், அந்தப் பற்றரியின் மின்சாரம் ஆளைக் கொல்லும்.

அனுப்பிய இரண்டில் குருணாகல் அல்டோவுக்குக் காற்றுப்பை இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள், சேர்விஸ் புத்தகமும் இருக்கிறதாம். அதைப் போய்ப் பார்க்கலாம். கடுவெல டொயோட்டா விட்ஸ் வேண்டாம். பதிவுப் புத்தகம் வேறு ஒருவர் பெயரில்.